பூமரத்துக்குப் பக்கத்துல வைக்க பசங்க கையால ஒரு போர்டு

எங்க ஏரியா பார்க்ல ரெண்டு சரக்கொன்றை, ஒரு நாகலிங்கம், ஒரு மகிழம் இருக்கு. சித்திரையில கொன்றை மஞ்சளா பூத்துத் தொங்கும், பரீட்சை லீவு கூட்டமும் அப்பதான் வரும், போட்டோவுக்காக கொப்பைப் பிடிச்சு வளைச்சு கடைசியில ஒடிச்சே போட்டுட்டுப் போயிடுவாங்க, பாக்கவே வயிறு எரியும். "பூ பறிக்கக் கூடாது"ன்னு இரும்பு போர்டு இருக்கு, யாரும் நின்னு படிச்சு நான் பாத்ததில்ல. ஆனா ஒரு குழந்தை வரைஞ்ச படம்னா நின்னு பாக்கறாங்க. மூணு வருஷமா எங்க தெரு பசங்களை வச்சு இப்படி போர்டு செஞ்சிட்டு வர்றோம், உங்க ஊர் பார்க், ஸ்கூல், கோயில் நந்தவனம் எங்க வேணா செய்யலாம்.

முதல்ல பார்க் பொறுப்புல இருக்கிறவங்ககிட்ட ஒரு லெட்டர் கொடுத்து பர்மிஷன் வாங்கிடுங்க, கூடவே ஒரு மாதிரி படம் காட்டினா சீக்கிரம் ஒத்துப்பாங்க.

அடுத்து, பேப்பர் பெயிண்ட் எல்லாம் எடுக்கறதுக்கு முன்னாடி பசங்களை மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதைத் தயவு செஞ்சு விட்டுடாதீங்க, மொத்த வேலையும் இதுலதான் இருக்கு. வீட்ல உக்காந்து வரையச் சொன்னா எல்லாரும் ஒரே சிவப்புப் பூ, ஒரே பச்சைக் காம்பு, மேல ஒரு சூரியன்னுதான் வரைவாங்க, அது எந்த மரத்துக்கும் பொருந்தாது. முதல் வருஷம் ஒரு பாப்பா நாகலிங்கப் பூவை கிளை நுனியில வரைஞ்சிருந்தா. நேர்ல கூட்டிட்டுப் போனதும் ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஏன்னா அந்தப் பூ இலைக்கு நடுவுல பூக்கறதில்ல, அடிமரத்துலேர்ந்தே நீளமா கொம்பு கொம்பா கிளம்பி அதுல பூக்கும். ஆறு தடிச்ச இதழ், நடுவுல பாம்பு படம் எடுத்த மாதிரி ஒரு மூடி, அதுக்குள்ள லிங்கம் மாதிரி சின்னதா ஒண்ணு. அதைப் பாத்துட்டு அவளே கேட்டா, "அப்ப அடிமரத்துல பேரு செதுக்கினா பூ வர்ற இடத்தையே கீறின மாதிரி தானே?" அவ பின்னால வரைஞ்ச போர்டு இன்னைக்கும் அங்க இருக்கு. (நாகலிங்கக் காய் பீரங்கி குண்டு மாதிரி கனமா இருக்கும், நேர் கீழ பசங்களை உக்கார வைக்காதீங்க, தள்ளி நின்னு வரையட்டும்.)

கொன்றைன்னா கீழ விழுந்த ஒரு பூவை உள்ளங்கையில வச்சுக் காட்டுங்க, அஞ்சு மஞ்சள் இதழ், நடுவுலேர்ந்து மூணு கேசரம் (மகரந்தம் தாங்கற இழை) மட்டும் நீளமா வளைஞ்சு நிக்கும். அந்த மூணு வளைவையும் பாத்துட்ட குழந்தை அப்புறம் அந்தப் பூவை மறக்காது. இந்தப் பூதான் பின்னால ஒரு முழ நீளக் காயா தொங்கும், கொப்பை ஒடிச்சா பூவும் இல்ல காயும் இல்லன்னு அப்பவே சொல்லிடலாம்.

இனி எழுத்து. ஒரு போர்டுக்கு ஒரு வரி, அஞ்சாறு வார்த்தை போதும். "எல்லாரும் கிளையை ஒடிக்கிறாங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. அமெரிக்காவுல அரிசோனா பக்கம் கல்லாய்ப்போன மரங்கள் இருக்கிற ஒரு தேசியப் பூங்கா இருக்கு, அங்க ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதையே சோதிச்சுப் பாத்தார். நிறைய பேர் அந்தக் கல்மரத் துண்டுகளை எடுத்துட்டுப் போறாங்கன்னு போர்டு வச்ச பாதையில, அடையாளம் வச்சுப் போட்ட துண்டுகள்ல கிட்டத்தட்ட 8 சதவீதம் காணாம போச்சு, எடுக்காதீங்கன்னு மட்டும் சொன்ன பாதையில 2 சதவீதத்துக்கும் கம்மி. எல்லாரும் செய்யறாங்கன்னு நாமளே சொன்னா அது லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆயிடுது.

எங்க பசங்க மரத்துக்கு வர்ற ஜீவன் பேசற மாதிரி எழுதினாங்க, அது நல்லா எடுபட்டுச்சு. நாகலிங்கப் பூவுல தேன் கிடையாது, வண்டு மகரந்தத்துக்குத்தான் வரும், அதனால அங்க "என் சாப்பாடு இதுல இருக்கு - கருவண்டு". மகிழத்துக்கு "கீழ விழுந்தது உங்களுக்கு, பொறுக்கிக்கோங்க". மகிழம்பூ தானா உதிரும், காஞ்சாலும் வாசம் போகாது, பறிக்க அவசியமே இல்ல. கூடாதுன்னு சொல்ற இடத்துல வேற என்ன செய்யலாம்னு சேத்துச் சொன்னா மனுஷங்க கேக்கறாங்க. எழுத்துப்பிழை மட்டும் பாத்துக்குங்க, கையெழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும், அதைத்தான் நின்னு படிக்கிறாங்க. ஓரத்துல பேரும் வயசும் போதும், ஸ்கூல் பேரு போன் நம்பர் எல்லாம் வேண்டாம்.

போர்டுக்கு சார்ட் பேப்பரை லேமினேட் பண்ணினோம் முதல் தடவை, ஒரே மழையில ஓரம் வழியா தண்ணி இறங்கி எல்லாப் படமும் கரைஞ்சு பசங்க அழுதுட்டாங்க. இப்ப வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட், ஒன்றரை அடிக்கு ஒரு அடி, ஓரத்தை உப்புத்தாள் போட்டு தேச்சு, வெள்ளை ப்ரைமர் அடிச்சு காய விட்டு, அதுமேல அக்ரிலிக் பெயிண்ட்ல பசங்க வரைவாங்க. ரெண்டு நாள் கழிச்சு பெரியவங்க வார்னிஷ் ரெண்டு கோட் அடிக்கணும், வெட்டின ஓரத்துலயும் பின்பக்கத்துலயும் கட்டாயம் அடிங்க, தண்ணி அங்கதான் நுழையும்.

மரத்துல ஆணி அடிக்கவே கூடாது, கம்பியும் கட்டக்கூடாது. இலையில தயாராகிற சாப்பாடு பட்டைக்கு உள்பக்கமா இருக்கிற மெல்லிசான அடுக்கு வழியாத்தான் வேருக்கு இறங்குது. கம்பி கட்டினா அடிமரம் பருக்கப் பருக்க அது உள்ள இறங்கி அந்த வழியையே நெரிச்சுடும். நாங்களே ரெண்டாவது வருஷம் கட்டுக்கம்பியால ஒரு போர்டைக் கட்டிட்டு மறந்துட்டோம், அடுத்த சித்திரையில பாத்தா கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சிருந்தது, கட்டிங் ப்ளேயரால மெதுவா எடுத்தோம், அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அதனால மூங்கில் கழி நட்டு அதுல மாட்டுங்க, அடிமரத்துலேர்ந்து அஞ்சாறு அடி தள்ளி. குழி தோண்டும்போது வேர் தட்டுப்பட்டா வெட்டாம பக்கத்துல தோண்டுங்க, தண்ணி உறிஞ்சற மெல்லிசு வேரெல்லாம் மேல் மண்ணுலயேதான் இருக்கும். சிமெண்ட் போட்டு நிறுத்தாதீங்க, மண்ணை நல்லா மிதிச்சா போதும்.

எங்க நடறதுங்கறதுக்கு ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்து கூட்டத்தைப் பாருங்க. எந்தக் கொப்பு கைக்கு எட்டுது, எங்க நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க, அந்த இடத்துக்கு நாலு எட்டு முன்னாடி வைங்க, உயரம் மூணு அடிக்கு மேல வேண்டாம், குழந்தை படிச்சு அம்மாகிட்ட சொல்லட்டும்.

கொன்றை பூத்து முடிஞ்சதும் அந்த போர்டைக் கழட்டி வச்சிடுங்க, வருஷம் பூரா நின்னா கண்ணுக்குப் பழகிடும். அடுத்த பங்குனியில துடைச்சு, பெயிண்ட் போன இடத்தை வரைஞ்ச பிள்ளையையே கூப்பிட்டு டச்சப் பண்ணச் சொல்லுங்க.