ஆரி பிளவுஸ் விற்பவர்களுக்கு: ஃபாலோயர் வேறு, வாடிக்கையாளர் வேறு

வீட்டிலிருந்தே ஆரி வொர்க் (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை) செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவர் முதலில் போட வேண்டியது ஒரு கைக்கணக்கு. பேக் நெக்கும் இரண்டு கையும் நிறைய ஜர்தோசி (சுருள் ஜரிகை), கட் பீட்ஸ் (பட்டை வெட்டிய சின்ன மணி) வைத்த கல்யாணப் பிளவுஸ் ஒன்றுக்கு ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஆறேழு நாள் தாராளமாகப் பிடிக்கும். மாதம் மூன்று கல்யாணப் பிளவுஸ், நடுவே சின்ன வேலை ஐந்தாறு. அதற்கு மேல் ஒப்புக்கொண்டால் தேதி தவறும். இந்தக் கணக்குக்கு இருபதாயிரம் ஃபாலோயர் எதற்கு? உங்கள் பேரைக் கேட்டதும் “அவங்களா, சொன்ன தேதிக்குக் கொடுத்துடுவாங்க” என்று அடுத்தவரிடம் சொல்லக்கூடிய நூறு, நூற்றைம்பது பேர் இருந்தால் வருஷம் முழுக்க ஸ்டாண்டு (துணியை இழுத்துப் பூட்டும் சட்டம்) காலியாக இருக்காது. கீழே சொல்வதெல்லாம் அந்த நூறு பேரைச் சேர்க்கும் வேலைதான்.

இன்ஸ்டாகிராம் கணக்கை ஒழுங்குபடுத்த அரை மணி நேரம் போதும். பெயர் வரும் இடத்திலேயே தொழிலையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள் (“ஆரி பிளவுஸ், மதுரை” என்பதுபோல), ஏனென்றால் தேடும்போது அந்த இடத்தில் உள்ள சொற்களும் அகப்படும். பெயருக்குக் கீழே வரும் அறிமுகத்துக்கு, அதாவது பயோவுக்கு, 150 எழுத்துதான். அதில் மேற்கோள் எல்லாம் வேண்டாம். எத்தனை நாளில் கிடைக்கும், வெளியூருக்கு அனுப்புவீர்களா, எத்தனை மணிக்குள் பதில் வரும் என்ற மூன்றும் இருந்தால் சரி. புரொஃபைல் படத்தில் லோகோவை விட உங்கள் முகமோ, ஊசி பிடித்த கையோ நல்லது. முன்பணம் அனுப்பப் போகிறவருக்கு ஒரு மனுஷி தெரிய வேண்டும்.

கமென்ட் எழுதுவது

பலரும் சறுக்குவது இங்கேதான். “சூப்பர் சிஸ்”, “நைஸ்”, மூன்று நெருப்பு எமோஜி. இவற்றை யாரும் படிப்பதில்லை, எழுதியவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லை. தினம் கால் மணி நேரம், ஐந்து கணக்கு, ஐந்தே கமென்ட் போதும்; ஆனால் படத்தை உற்றுப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒரு மேக்கப் ஆர்டிஸ்ட் மணப்பெண் படம் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். “நெற்றிச்சுட்டி வகிட்டுல அசையாம உட்கார்ந்திருக்கே, ஹேர்பின் எங்க குத்தினீங்க? வெளிய தெரியவே இல்ல” என்று கேளுங்கள். அவர் பெருமைப்படும் இடம் அதுதான், பதில் வரும். பத்து நாளில் இப்படி மூன்று முறை பேசினால் உங்கள் பெயர் அவருக்குப் பழகிவிடும்.

அதே இடத்தில் “நாங்களும் பிளவுஸ் செய்றோம், டிஎம் பண்ணுங்க” என்று ஒட்ட வைத்தால் எல்லாம் போச்சு. அடுத்தவர் கடை வாசலில் நின்று நம் சரக்கைக் கூவுகிற மாதிரி அது. உங்கள் தொழில் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆர்வம் உள்ளவர் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒருவரை ஒருவர் பின்தொடரச் சொல்லும் “சப்போர்ட்டுக்கு சப்போர்ட்” வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அங்கே உங்களைப் பின்தொடர்பவர்களும் விற்பவர்கள்தான். பதிவைப் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். பார்க்காமல் தள்ளுபவர்கள் பெருகப் பெருக, உங்கள் பதிவு மற்றவர்களுக்குப் போய்ச் சேருவதும் குறையும். எண்ணிக்கை ஏறும், ஆர்டர் ஏறாது. காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவதும் இதே கதைதான்.

விலையை மறைக்காதீர்கள்

“விலை எவ்வளவு?” என்று கேட்டவருக்கு “செக் டிஎம்” என்று பதில் போடுவது ஒரு தொத்து வியாதி. போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பது பயம். அவர் வேறொரு கணக்கிலிருந்து கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுமே! கேட்ட இடத்திலேயே, விலை ஏன் மாறும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: “பேக் நெக்கும் கையும் சேர்த்து இந்த டிசைன் 4,500. லைனிங், தையல் இதுலயே அடக்கம். முன் கழுத்துக்கும் வேணும்னா 600 கூடும். ஜர்தோசிக்குப் பதிலா செயின் ஸ்டிச் போட்டா 3,200-க்கு முடிச்சிடலாம்.” கேட்டவர் வாங்காவிட்டாலும், அதைப் படிக்கும் இன்னும் நான்கு பேருக்கு இவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்ற தைரியம் வரும்.

இன்பாக்ஸ்

நீங்கள் பின்தொடராதவர் அனுப்பும் செய்தி ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போய்விடும். சில சமயம் அதற்கும் உள்ளே மறைந்திருக்கும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். பதிலே வராத மணப்பெண் மறுநாள் வேறொருவருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

இப்படி ஒரு செய்தி வருகிறது: “அக்கா, செப்டம்பர் 4 கல்யாணம். மெரூன் பட்டு. இந்த மாதிரி வேணும்.” கூடவே பின்டரெஸ்டில் எடுத்த படம். “இருக்கு சிஸ், 6,500, ஜிபே பண்ணுங்க” என்பது பதிலே அல்ல. இப்படி எழுதிப் பாருங்கள்:

“வாழ்த்துகள்மா. புடவை பார்டர் ஜரி பளிச்சுனு கோல்டா, மங்கலான ஆன்டிக்கா? ஜன்னல் பக்கம் வச்சு, பகல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. டியூப்லைட்ல எடுத்தா ரெண்டும் ஒண்ணா தெரியும். நீங்க அனுப்பின டிசைன் நான் பண்ணினது இல்ல, ஆனா பண்ண முடியும். கை ஓரத்துல துணியை வெட்டி எடுத்துப் பண்ணியிருக்குற கட் வொர்க் மட்டும் மெல்லிய பட்டுல பிரிஞ்சு வர வாய்ப்பு இருக்கு, அங்க வேற யோசனை சொல்றேன். நல்லா பொருந்துற அளவு பிளவுஸ் ஒண்ணு அனுப்பணும். ஆகஸ்ட் 20-க்குள்ள கையில கிடைச்சிடும்.”

இதில் விலையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜரி நிறம் தெரியாமல் நூலும் மணியும் முடிவாகாது, அதுவரை விலையும் முடிவாகாது. பெண்ணின் தேதி, துணி, ஆபத்து மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள் என்று அவருக்குப் புரிகிறது. அளவு பிளவுஸை வற்புறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. துணியில் அளவைக் குறித்து, ஸ்டாண்டில் பூட்டி, வேலை முடித்த பிறகுதான் வெட்டித் தைக்கிறோம். பக்கவாட்டை அப்புறம் பிரித்து விடலாம். வேலை செய்த கழுத்தை மாற்ற முடியாது. சாட்டில் அங்குலம் கேட்டு வாங்கித் தைத்ததில் முறிந்த உறவுகள் நிறைய.

தேதிக்கு முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிட்டு, நன்றாகச் செய்யும் வேறொருவரின் கணக்கை அனுப்பி வையுங்கள். அந்தப் பெண்ணும் மறக்க மாட்டார், ஆர்டர் கிடைத்தவரும் மறக்க மாட்டார். முடியாத மாதத்தில் அவரும் உங்களுக்குத் திருப்பி அனுப்புவார்.

பேசி முடித்ததும் ஒரு நோட்டில் பெயர், ஊர், கல்யாணத் தேதி, புடவை நிறம், யார் சொல்லி வந்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் லேபிள் போடும் வசதி அதிலேயே உண்டு. “யார் சொல்லி வந்தார்” என்ற கட்டம் ஆறு மாதத்தில் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும்: பெரும்பாலான ஆர்டர்கள் நான்கைந்து பேர் வழியாகவே வந்திருக்கும். உங்கள் நேரம் அவர்களுக்குப் போகட்டும், ரீல்ஸுக்கு மிச்சம் போதும்.

படங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் பிளவுஸ் படத்தைப் போடாதீர்கள். மணப்பெண் கட்டுவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டால் அந்தக் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். கட்டிய பிறகும், முகம் தெரியும் படத்துக்குத் தனியாகக் கேளுங்கள்: “கழுத்துக்குக் கீழ மட்டும் போடவா, முழுசா போடவா?” ஒத்துக்கொண்டால் போட்டோகிராஃபர், மேக்கப், மெஹந்தி செய்தவர்கள், புடவை மடித்துக் கொடுத்தவர் என எல்லோரையும் டேக் செய்யுங்கள். பிறர் செய்த வேலையை உங்களுடையதாகப் போடவே வேண்டாம். கூகுள் லென்ஸில் ஒரு நொடியில் அசல் வந்து நிற்கும்.

மேக்கப் ஆர்டிஸ்டுக்கு ஒரு பிளவுஸ் இலவசமாகக் கொடுத்து அவரைப் பதிவு போடச் சொல்வது பரவலான வழக்கம். தப்பில்லை, ஆனால் இலவசமாகக் கிடைத்தது என்பதை அவர் பதிவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பணத்துக்கு மட்டுமல்ல, இலவசப் பொருளுக்கும் பொருந்தும்.

வாட்ஸ்அப்புக்கு மாறும்போது

ஆர்டர் கொடுத்தவர்களையெல்லாம் கேட்காமல் ஒரு குழுவில் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய அட்டூழியம். முன்பின் தெரியாதவர்களுக்கு அவர்கள் எண் போய்விடுகிறது. பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும்: ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணை சேவ் செய்தவருக்கு மட்டுமே செய்தி போகும் என்பதால், பார்சலோடு வைக்கும் அட்டையில் “இந்த எண்ணை சேவ் பண்ணிக்கோங்க” என்று ஒரு வரி அச்சடியுங்கள். சேவ் செய்யாதவர் விருப்பமில்லாதவர், விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். தினமும் “குட் மார்னிங்” அனுப்பினால் பிளாக் செய்வார்கள். நிறையப் பேர் ரிப்போர்ட் செய்தால் எண்ணே முடங்கிவிடும்.

குறை வந்தால்

“ரெண்டு தடவைதான் கட்டினேன், மணி கொட்டுது” என்று பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதுகிறார். அழித்தால் அவர் ஸ்டோரியில் போடுவார். அதே இடத்தில், அதே நாளில் பதில்: “சிரமத்துக்கு மன்னிக்கணும். எந்த இடம்னு ஒரு போட்டோ இன்பாக்ஸ்ல அனுப்புங்க, சரி பண்ணித் தரேன்.” விவரம் பேசுவது உள்ளே. சரி செய்த பிறகு மறுபடி வெளியே வந்து “அனுப்பியாச்சு, கிடைச்சுதா?” என்று ஒரு வரி எழுதுங்கள். பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுவதால், பார்ப்பவர்களுக்குக் குறை மட்டுமே கண்ணில் நிற்கும்.

ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். தள்ளுபடி போஸ்டர் போடுவதை விட நோட்டைத் திறந்து, அந்த ஆண்டு பிளவுஸ் வாங்கியவர்களுக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள்: “மெரூன் பட்டு பிளவுஸ்ல எங்கயாவது மணி தளர்ந்திருக்கா? இந்த மாசம் கை கொஞ்சம் காலியா இருக்கு, அனுப்பினா தச்சுத் தரேன்.” தைக்கக் காசு வாங்க வேண்டாம், கூரியர் செலவை மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.