புளூ மவுண்டன்ஸ் மலைக்கிராமத்தில் தீக்காலத்துக்கு முன் வீட்டு வேலைகள்

சிட்னிக்கு மேற்கே உள்ள இந்தக் கிராமங்கள் பெரும்பாலும் முகட்டின் மேல் அமைந்தவை. கீழே யூகலிப்டஸ் காடு மண்டிய பள்ளத்தாக்கு. சரிவு 10 டிகிரி கூடினால், மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனாலும் வீடுகளை அதிகம் எரிப்பது சுவாலை அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு. அதனால் முதல் வேலை இடுக்குகளை அடைப்பது.

நியூ சவுத் வேல்ஸில் தீக்காலம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். காற்றுத் துளைகளுக்கும் திறக்கும் சன்னல்களுக்கும் கண் 2 மி.மீ.க்கு மிகாத உலோக வலை போடுங்கள். நைலான் கொசுவலை சூட்டில் உருகிவிடும், வீண்செலவு. கூரையோர மழைநீர்க் கால்வாயில் (கட்டர்) சருகு அள்ளுவது ஒருமுறையோடு தீராது; யூகலிப்டஸ் கோடையிலும் இலையும் பட்டையும் கொட்டும். கால்மிதி, விறகு அடுக்கு, சுவரோரம் பரப்பிய மரப்பட்டை மூடாக்கு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

தண்ணீரில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தீ நெருங்கும்போது மின்சாரம் போய்விடும், மின்மோட்டார் உதவாது. 5 குதிரைத்திறன் பெட்ரோல் அல்லது டீசல் பம்பு வேண்டும். தீயணைக்கவென்றே 10,000 லிட்டராவது ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போகும் குழாயைத் தொட்டியில் உயரமாகப் பொருத்தினால் அடியில் உள்ளது தானே மிஞ்சும். அடியில் தீயணைப்புக் குழாய் மாட்டும் 65 மி.மீ. ஸ்டோர்ஸ் (Storz) இணைப்பு இருந்தால் தீயணைப்பு வண்டியும் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே உருகும். வெளியே தெரியும் குழாயும் வால்வும் உலோகமாக இருக்கட்டும்.

பம்பு அன்றைக்கென்று மக்கர் செய்யக் காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோல். கார்புரேட்டரில் பிசினாகப் படிந்துவிடும். மாதம் ஒருமுறை 10 நிமிடம் ஓட்டுங்கள். உறிஞ்சுகுழாயில் காற்று புகுந்தாலும் தண்ணீர் ஏறாது. கடும் வெப்பத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பம்பைத் தகடு வைத்து மறையுங்கள், காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

மரம் வெட்டுமுன் ஊரகத் தீயணைப்புச் சேவையின் இணையதளத்தில் முகவரியைச் சரிபாருங்கள். வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரமும் 50 மீட்டருக்குள் புதரும் அகற்றும் அனுமதி குறிப்பிட்ட மனைகளுக்குத்தான் உண்டு.

தீ அபாய நிலை உச்சமான 'கேட்டஸ்ட்ராஃபிக்' (பேரழிவு) என்றால் இவை எதையும் நம்பி இருக்காதீர்கள். முந்தைய இரவோ அதிகாலையோ கிளம்பிவிடுங்கள். பல கிராமங்களுக்கு வெளியேற ஒரே சாலைதான். புகையைப் பார்த்தபின் புறப்பட்டால் விழுந்த மரம் வழிமறிக்கும்.