முதலில் கிணற்றடி: யாழ்ப்பாணத்தில் சிறுவர் விடுமுறை முகாம் நடத்தப் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களிலும் ஆலய மண்டபங்களிலும் சிறுவர் முகாம்கள் களைகட்டிவிடும். சித்திரம், நாடகம், கிளித்தட்டு, கடைசி நாளில் கடற்கரை. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த இளைஞர்கள். துணைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். நிகழ்ச்சி நிரல் வண்ணத்தில் அச்சாகிவிடும். பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் அலுமாரிக்கு மேல் இருக்கும் முதலுதவிப் பெட்டியைக் காட்டுவார்கள். அதன் திறப்பு யாரிடம் என்பது வேறு கதை.

6 முதல் 14 வயது வரை 40 பிள்ளைகள், 5 நாள் பகல் முகாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: வளவைச் சுற்றி நடந்து பாருங்கள்

மண்டபத்துக்குள் போக முன்னர் கிணற்றடிக்குப் போங்கள். 6 வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்தால் கட்டு நெஞ்சுக்கு மேலே வர வேண்டும். ஏறி நிற்கத்தக்க கல், வாளி, உடைந்த கதிரை எதுவும் பக்கத்தில் கிடக்கக் கூடாது. கம்பி வலை போட்டிருந்தால் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாமல் கையால் அழுத்திப் பாருங்கள். உப்புக் காற்றில் துருவேறிய வலை தூரத்திலிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரியும்; அழுத்தினால் கையோடு உதிரும்.

அடுத்து, பக்கத்து வளவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், வளவு பற்றை மண்டிக் கிடக்கும், நடுவே கட்டு இடிந்த பழைய கிணறு இருக்கும். பந்து அங்கே போனால் பிள்ளை வேலிப் பொட்டுக்குள்ளால் பின்னாலேயே போகும். பொட்டை அடையுங்கள். பந்தை எடுக்கப் பெரியவர்தான் போக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பனைக்குக் கீழே பிள்ளைகளை இருத்த வேண்டாம். ஆகஸ்டில் பனம்பழம் விழும் காலமும் சோளகக் காற்றும் ஒன்றாக வரும். பழமோ காவோலையோ விழுந்தால் தலை தாங்காது. நிழலுக்கு வேம்பு போதும்.

படி 2: ஆட்களைத் தெரிவு செய்யுங்கள்

அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல் ஒன்று கணக்குப் போட வசதியானது. பகல் முகாமில் 6 முதல் 8 வயது வரையான 8 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது வரையான 10 பிள்ளைகளுக்கு ஒருவர். உங்கள் 40 பேரில் 16 பேர் சின்னவர்கள் என்றால் அவர்களுக்கு 2 பேர், மற்ற 24 பேருக்கு 3 பேர். சமையல், ஒலிபெருக்கி, படம் எடுத்தல் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் முகாம் நடக்க வேண்டும் என்பதால் மேலதிகமாக இருவரை வைத்திருங்கள்.

‘எங்கள் ஊர்ப் பிள்ளைதானே’ என்று யாரையும் விசாரிக்காமல் சேர்ப்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய பலவீனம். தெரிந்தவராக இருந்தாலும் முன்பு பிள்ளைகளோடு வேலை செய்த இடத்தில் கேளுங்கள், இருவரிடமாவது எழுத்தில் பரிந்துரை வாங்குங்கள். ஊர்ப் பெரியவரின் மருமகன் என்பது பரிந்துரை ஆகாது.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, அடி இல்லை, பெற்றோரைக் கேட்காமல் படத்தை முகநூலில் போடுவதில்லை. இந்த மூன்றையும் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் துருவித் துருவி விசாரிப்பது உங்கள் வேலையல்ல. கேளுங்கள், சொன்னபடியே எழுதுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். ‘குடும்ப மானம்’ என்று மூடி மறைக்க யாராவது வருவார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

படி 3: இரண்டு மாலைப் பொழுது ஒத்திகை

விரிவுரை வேண்டாம். செய்து பார்க்க வையுங்கள்.

முதல் ஒத்திகை, காணாமற்போன பிள்ளை. ஊழியர் ஒருவரை ஒளித்து வைத்துவிட்டு மற்றவர்களிடம் ‘ஒரு பிள்ளையைக் காணவில்லை’ என்று சொல்லுங்கள். எல்லோரும் மலசலகூடத்துக்கும் கேற்றடிக்கும் ஓடுவார்கள். அங்கேயே நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கிணறு, தொட்டி, கேணி; மற்ற இடமெல்லாம் பிறகு. ஒளிந்திருக்கும் பிள்ளை பத்து நிமிடம் காத்திருக்கும், தண்ணீருக்குள் கிடக்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் கேற்றுக்கு, ஒருவர் மற்றப் பிள்ளைகளோடு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது, 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸ் அழைப்பு. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இலவசமாக இருக்கிறது. ஆனால் நம் ஒழுங்கைகளைக் கண்டுபிடிப்பது வெளியாருக்கு இலகுவல்ல. முகவரியையும் அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் அதைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பழகட்டும். சந்தியில் போய் நின்று கை காட்டுவது யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

மூச்சற்ற பிள்ளைக்கு 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை மூச்சுக் கொடுப்பதை வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் அல்லது சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையின் பயிற்சியாளரை அழைத்துப் பொம்மையில் செய்து பாருங்கள். நீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும் என்பதை அவரே விளக்கட்டும்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சுருட்டை விரியன் சின்னப் பாம்புதானே என்று பொறுத்துப் பார்ப்பதும் ஆபத்து.

படி 4: படிவமும் சாப்பாடும்

நோய், மருந்து, ஒவ்வாமை, பிள்ளையைக் கூட்டிச்செல்ல அனுமதி உள்ளவர்களின் பெயர் ஆகியவற்றைப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். கச்சானும் இறாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் சைவச் சாப்பாடே எல்லோருக்கும் வசதி, ஒவ்வாமைத் தலையிடியும் பாதி குறையும். கொதித்தாறிய நீர், நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைகள், வெயில் ஏறிய பிறகு ஓட்டப் போட்டி இல்லை. இவ்வளவு போதும்.

படி 5: கடற்கரை நாள்

கசூரினாவோ சாட்டியோ, கரையோரம் ஆழம் குறைவு என்ற நினைப்பே பெரியவர்களை அசட்டையாக்கிவிடும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. ஆகவே கடலைப் பார்ப்பவர் கடலை மட்டும் பார்க்க வேண்டும்: கையில் தொலைபேசி இல்லை, பேச்சு இல்லை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். பிள்ளைகளைச் சோடி சேர்த்துவிடுங்கள். விசில் ஊதினால் சோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். தனியே உயரும் கை உடனே தெரிந்துவிடும். மூடி இறுகிய வெற்றுப் பிளாஸ்டிக் கானில் கயிறு கட்டிக் கரையில் வையுங்கள், எறிந்து இழுப்பதற்கு. நீந்தத் தெரியாதவர் குதித்தால் தேட வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள்.

உங்கள் ஊழியர்களில் நன்றாக நீந்தக்கூடிய இருவராவது இல்லையென்றால் கடற்கரை நாளை நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் முகத்தை நீட்டுவார்கள்; அன்று இன்னொரு சுற்றுக் கிளித்தட்டு வையுங்கள்.