பூனை இருக்கும் வீட்டுக்குப் புதுக் குட்டி: சண்டையில்லாமல் சேர்ப்பது எப்படி?

புதுக் குட்டியைத் தூக்கிவந்து, பழைய பூனையின் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்தா, உனக்குத் தம்பி!" என்று காட்டுவதுதான் பலரும் செய்வது. பாதிச் சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடும். பூனைக்கு வாசனைதான் பட்டா. கதவு நிலையிலும் சோபா முனையிலும் கன்னத்தைத் தேய்த்து அது எல்லை போட்டு வைத்திருக்கிறது. அதற்குள் முன்பின் தெரியாத நெடி நுழைந்தால் சீறத்தான் செய்யும். அதனால் முதலில் வாசனை, பிறகு பார்வை, கடைசியில்தான் நேர் சந்திப்பு. குட்டி எப்படியும் ஒட்டிக்கொள்ளும். தாஜா செய்ய வேண்டியது பழைய ஆளைத்தான்.

1. வீட்டுக்குள் விடும் முன் டாக்டர்

தெள்ளுப்பூச்சி, காதுப்பூச்சி, குடற்புழு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கும். 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். முக்கியமாகப் பயப்பட வேண்டியது பன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய். வாந்தி, பேதி என்று தொடங்கி ஊசி போடாத குட்டிகளை வேகமாகக் கொண்டுபோய்விடும். அதன் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் தங்கும். எனவே பழைய பூனைக்கும் ஊசி பாக்கி இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைக் குட்டிக்குத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைகளுக்கு விஷம்.

2. தனி அறை, சுமார் 2 வாரம்

கதவு மூடக்கூடிய ஓர் அறை போதும். ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் மலஜலம் கழிக்க மணல் போட்ட பழைய பேசின், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. ஈரம் பட்டால் கட்டியாகும் வகை லிட்டர் (கடையில் விற்கும் பூனை மணல்) இப்போது வேண்டாம், சின்னக் குட்டிகள் அதைத் தின்று பார்க்கும். பசும்பாலும் வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பினாயில் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பூனை பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும். அதிலுள்ள சில பொருள்களை அதன் ஈரல் தாங்காது.

குட்டியைத் தொட்ட பிறகு கை கழுவிவிட்டுப் பழைய பூனையிடம் போங்கள்.

3. துணி மாற்று

டாக்டர் பார்த்து நோய் எதுவும் இல்லை என்ற பிறகு இதைத் தொடங்கலாம். ஒரு பழைய காலுறையால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து, பெரிய பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். மோந்து பார்த்துச் சீறிவிட்டுப் போகும். போகட்டும். தினமும் போட்டு வந்தால், ஒரு நாள் சட்டை பண்ணாமல் தாண்டிப்போய்ச் சாப்பிடும். அடுத்த கட்டத்துக்கு அதுதான் அனுமதி. பெரியதன் துணியைக் குட்டியின் அறையிலும் போட மறக்காதீர்கள்.

4. கதவுக்கு இரு பக்கமும் சாப்பாடு

மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு தட்டு, இந்தப்பக்கம் ஒரு தட்டு. பெரிய பூனை முறைத்துக்கொண்டு நின்றால் தட்டை ஆறேழு அடி தள்ளி வையுங்கள். நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். இந்த நேரத்தில் மட்டும் நெத்திலியோ அவித்த கோழியோ கொடுத்தால் இன்னும் நல்லது. குட்டியின் வாசனை வந்தாலே நல்ல சாப்பாடு வரும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

5. கண்ணில் காட்டுவது

கொசுவலைக் கதவோ, வலை கட்டிய கிரில்லோ இருந்தால் வேலை சுலபம். இடையில் அதை வைத்துச் சாப்பாடு போடுங்கள். சீறினால் பரவாயில்லை. ஆனால் காதை மண்டையோடு ஒட்டி, உடம்பைத் தாழ்த்தி, கண்ணிமைக்காமல் பார்த்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

6. நேரில்

இரண்டும் சாப்பிட்டு முடித்த வேளையில், முதலில் 5 நிமிடம். குட்டியை மடியில் பிடித்து வைக்காதீர்கள், கீழே விடுங்கள். பெரியது ஏறித் தப்பிக்க பரணோ அலமாரி மேல்தட்டோ காலியாக இருக்கட்டும். வாலைக் கடிக்கப் போகும் குட்டிக்குப் பெரியது ஒரு தட்டு தட்டும். நகம் வெளியே வராதவரை அது வெறும் பாடம். நிஜச் சண்டை என்றால் கையை உள்ளே நுழைக்காதீர்கள், கடி ஆழமாக இறங்கும். நடுவில் ஒரு தலையணையையோ அட்டையையோ செருகிப் பிரித்துவிடுங்கள். அடிப்பது, கத்துவது கூடாது. பெரியது குட்டியின் மேல்தான் பழி போடும்.

ஆளில்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடச் சில வாரம் பிடிக்கலாம். லிட்டர் பேசின் பூனைக்கு ஒன்று, உபரியாக ஒன்று. அப்புறம் 5, 6 மாதத்துக்குள் கருத்தடை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பெட்டைக்குட்டி 4 மாதத்திலேயே சினைப்பட்டுவிடலாம்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

பழைய பூனை கோபத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கலாம். ஒரு நாள் முழுக்க வாயில் எதையும் வைக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு தேங்கிவிடும். கடுவன் பூனை பேசினில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம். ராத்திரியானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.