இடம் மாறிய வரியைத் தேடுங்கள்

பத்தொன்பது வருடமாக மெய்ப்பு பார்க்கிறேன். இடப்பக்கம் மூலப்படி, வலப்பக்கம் புரூஃப், கையில் சிவப்புப் பேனா. விட்டுப்போன வரி சீக்கிரம் சிக்கிவிடும், அந்த இடத்தில் வாக்கியம் நொண்டும். வேறு பத்திக்குத் தாவிய வரிதான் கண்ணைத் தப்பும். போன இடத்திலும் அது பொருந்தி உட்கார்ந்திருக்கும். நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லித்தர நினைப்பதும் இதைத்தான்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஹாபிட் என்ற குட்டை மனித இனத்து ஃப்ரோடோ, தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் போட்டு அழிக்கப் போகும் கதை அது. பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்கள் 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. போன கோடை விடுமுறையில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். முதல் வாரம் அவள் எழுதிய குறிப்பு முழுக்க 'இல்லை', 'இல்லை' என்றே இருந்தது. காட்டில் ஹாபிட்டுகளைக் காப்பாற்றும் டாம் பாம்படில் இல்லை. ஊர் திரும்பும் ஹாபிட்டுகள் ஷயரை மீட்கும் அத்தியாயம் இல்லை. ஷயர் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. ஆனாலும் ஆயிரம் பக்க நாவலில் வெட்டு விழத்தான் செய்யும். "அத்தை, அப்போ எதைத்தான் எழுதுறது?" என்றாள். இடம் மாறியதை எழுது என்றேன்.

நோட்டில் இடப்பக்கம் நாவலுக்கு, வலப்பக்கம் படத்துக்கு. ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் அதற்குரிய காட்சியை மட்டும் பாருங்கள், முழுப் படத்தையும் ஓட்ட வேண்டாம். சப்டைட்டில் கட்டாயம், காதில் நழுவும் சொல் எழுத்தில் நிற்கும். வெட்டிய காட்சிகளைச் சேர்த்து நீட்டிக்கப்பட்ட படப் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். டாம் பாம்படில் மரக்கிழவனை அதட்டும் சொற்கள் அந்தப் பதிப்பில்தான், டிரீபியர்ட் என்ற பேசும் மரத்தின் வாயில் வருகின்றன. ஆளைக் காணோம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அவருடைய குரல் அங்கே இருப்பது தெரிந்திருக்காது.

முதலில் பேச்சைத் தொடருங்கள். நாவலில் யார், யாரிடம், எப்போது சொன்னது? படத்தில்? நான் எல்லோருக்கும் காட்டுவது எயோவின் என்ற அரச குலப் பெண்ணைப் பற்றிய ஒரு வசனம். நாவலின் மூன்றாம் பாகத்தில், போர்க்களத்தில் அடிபட்டு அவள் மயங்கிக் கிடக்கிறாள். அவளுடைய அண்ணனுக்கு மந்திரவாதி கேண்டல்ஃப் எடுத்துச் சொல்கிறார்: தூக்கமில்லாத இரவுகளில், வாழ்வே சுருங்கிக்கொண்டு வருவதுபோலத் தோன்றியபோது, இவள் தனியாக இருட்டிடம் என்னென்ன பேசினாளோ, யாருக்குத் தெரியும்? கூடவே இருந்தும் கவனிக்காத அண்ணனுக்கு ஒரு பெரியவர் பரிவோடு உணர்த்தும் இடம் அது. படத்தில் அதே சொற்கள் இரண்டாம் பாகத்துக்கே வந்துவிடுகின்றன. சொல்பவன் கிரீமா, அரசனின் மனதைக் கெடுத்த துரோகி, அவள்மேல் கண் வைத்தவன். அவளிடமே, அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஒரு கணம் அவள் அசந்துபோவது முகத்தில் தெரிகிறது. அவளுடைய துயரத்தைச் சரியாகக் கண்டுகொண்டவன் அவனாகிவிடுகிறான். நோட்டின் வலப்பக்கத்தில் நான் எழுதியது: "தீயவன் சொன்னாலும் உண்மை உண்மையாகவே வலிக்கிறது." எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடிக்கும். ஃப்ரோடோவின் நண்பன் பிப்பினுக்கு கேண்டல்ஃப் சாவைப் பற்றிச் சொல்லும் வெண்கரை, பசுமை நாடு வர்ணனையும் இப்படி வந்ததுதான். நாவலில் அது ஃப்ரோடோவின் கடைசிக் கடற்பயணத்தை விவரிக்கும் வரி.

அடுத்தது காலம். ஃப்ரோடோவுக்கு மோதிரத்தை விட்டுப்போன உறவினர் பில்போவின் 111வது பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவே நாவலில் 17 வருடம் ஓடுகிறது. கிளம்பும்போது அவருக்கு வயது 50. படத்தில் அந்த இடைவெளி உறைக்கவே உறைக்காது. இதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு நகரலாம்.

காட்சிகளின் வரிசையில்தான் நிதானம் வேண்டும். ஷீலாப் என்ற ராட்சதச் சிலந்தி நாவலின் இரண்டாம் பாகத்து முடிவில் வருகிறது, படத்திலோ மூன்றாவதில். டோல்கீன், அரசனாகப் போகும் அரகோர்ன் பக்கத்துக் கதையை ஒரு பகுதியாக முழுதும் சொல்லிவிட்டு, பிறகுதான் ஃப்ரோடோவிடம் திரும்புகிறார். படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது, அதனால் தேதி பார்க்க வேண்டியிருக்கிறது. நாவலின் பின்னிணைப்பில் நாள்வாரிக் குறிப்பு இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை மார்ச் 3 இரவு, சிலந்திக் குகை மார்ச் 12. இரண்டாம் படம் அந்தச் சண்டையோடு முடிவதால் சிலந்தி அடுத்த படத்துக்குத்தான் போக முடியும்.

சிலந்தி போனதும் ஒரு பள்ளம் விழுகிறது. இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் கதைக்கு உச்சம் இல்லை. அதை நிரப்பியவர் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாராமிர். நாவலில், வழியில் கிடந்தாலும் இந்த மோதிரத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்பவர் அவர். படத்திலோ ஃப்ரோடோவைப் பிடித்து ஆஸ்கிலியத் நகரம் வரை இழுத்துப்போகிறார், அங்கேதான் மனம் மாறி விடுவிக்கிறார். ஃபாராமிரைக் கெடுத்துவிட்டார்கள் என்று நானும் கோபப்பட்டிருக்கிறேன். சிலந்தி நகர்ந்ததையும் இதையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் ஒன்று மற்றொன்றை இழுத்தது புரிந்தது. ஆகவே ஒரு பாத்திரம் மாறியிருந்தால், உடனே திட்டாமல் பக்கத்தில் எது நகர்ந்தது என்று தேடுங்கள். தேடிய பிறகும் நாவலின் ஃபாராமிர்தான் எனக்கு உயர்ந்தவர்.

எரிமலைக் காட்சியைக் கடைசிக்கு வையுங்கள். இரண்டிலும் ஃப்ரோடோ தோற்கிறார், மோதிரம் எனக்கே என்கிறார். இரண்டிலும், முன்பு மோதிரத்தை வைத்திருந்து இழந்த கோல்லம் அவர் விரலைக் கடித்துப் பறிக்கிறான். நாவலில் அவன் ஆனந்தக் கூத்தாடி, கால் தவறித் தானாகவே விழுகிறான், யாரும் தொடுவதில்லை. படத்தில் ஃப்ரோடோ மறுபடி பாய்ந்து அவனோடு மல்லுக்கட்ட, இருவரும் விளிம்பைத் தாண்டிச் சரிகிறார்கள்.

இதை எழுதும் முன் நோட்டில் பின்னோக்கிப் போங்கள். பில்போ அன்று கோல்லத்தைக் கொல்லாமல் விட்ட இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம் என்கிறார் கேண்டல்ஃப். நாவலில் அது ஆரம்பத்திலேயே, ஃப்ரோடோவின் வீட்டில் நடக்கும் பேச்சு. படம் அதை மோரியா சுரங்கத்துக்கு, கோல்லம் பின்தொடர்ந்து வரும் இருட்டுக்குக் கொண்டுபோனது. நல்ல இடமாற்றம். ஆனால் நாவலில் மோதிரம் அழிந்தவுடன் ஃப்ரோடோ அந்த வார்த்தைகளைத் தன் தோழன் சாமுக்கு நினைவுபடுத்துகிறார். கோல்லம் இல்லாவிட்டால் என்னால் மோதிரத்தை அழித்திருக்க முடியாது, அவனை மன்னிப்போம் என்கிறார். படத்தில் அந்தப் பேச்சு எந்த இடத்துக்கும் போகவில்லை. அண்ணன் மகள் மூன்று படத்திலும் தேடினாள். வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டு, தேதி மட்டும் போட்டாள்.