பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தாத்தா கட்டியிருந்த மாதிரி ஒரு ஹெச்எம்டி வாட்ச் வேண்டும் என்று ஆன்லைனில் தேடி வாங்கி, ஒரே வாரத்தில் நின்றுவிட்டது என்று என் ரிப்பேர் மேசைக்குக் கொண்டுவரும் இளைஞர்கள் இப்போது அதிகம். கண்ணாடி கீறல், அறுந்த பட்டை எல்லாம் அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும். அதை விடுங்கள்.

மின்னும் டயலை நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆரஞ்சு டயல் போட்ட ஹெச்எம்டி 'பைலட்' மாடல் ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்தார். கல்யாணத்துக்குக் கட்ட வாங்கியதாம். "அம்பது வருஷத்து பீஸ் அண்ணே, எப்படி மின்னுது பாருங்க" என்றார். அம்பது வருஷத்து டயல் ஏன் மின்ன வேண்டும்?

பழைய பைலட் என்றால் அநேகமாகக் கறுப்பு டயல்தான். ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் விற்பவை பெரும்பாலும் பின்னால் பெயின்ட் அடித்தவை. மூடியைக் கழற்றினேன். 17 ஜுவல் (தேய்மானம் குறைக்க உள்ளே பதிக்கும் சிறு கற்கள்) மெஷின் அசல்தான், ஆனால் எண்ணெய் காய்ந்து பசையாகிக் கிடந்தது. முட்கள் வேறு ஏதோ வாட்சுடையவை. பாலிஷ் போட்டுப் போட்டு கேஸின், அதாவது வெளிக்கூட்டின், ஓரங்கள் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. சர்வீஸும் உதிரியும் சேர்த்துக் கணக்குச் சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது. வாங்கிய விலையைவிட அது அதிகம்.

ஹெச்எம்டி 1961-இல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் தந்தது. ஓடாத வாட்சுகளின் உதிரிகளைக் கலந்து கட்டி விற்பது இன்று ஒரு தொழிலாகவே நடக்கிறது.

விற்பவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசல் எழுத்து மெல்லியதாக, ஓரம் கூர்மையாக இருக்கும்; மறுபெயின்டில் தடித்து வழியும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா? அப்புறம், மூடி கழற்றிய படம் கேளுங்கள். மழுப்பினால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். லேசாக மங்கிய, புள்ளி விழுந்த டயல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

சாவி கொடுக்கச் சோம்பல்

தினமும் கொடுக்க வேண்டும். முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓடும். ஒரு நாளில் அரை நிமிடம் முன்பின் போனால் பழைய மெஷினில் அது குறையே இல்லை. நொடி பிசகாமல் ரயில் பிடிக்கிறவர்களுக்கு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தான் சரி.

தண்ணீர்

பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் நனைக்காதீர்கள்.

அளவு பார்க்காமல் வாங்குவது

ஹெச்எம்டியின் ஜனதா மாடல் சுமார் 35 மில்லிமீட்டர்தான். 42-ஐக் கட்டிப் பழகிய கைக்குக் குழந்தை வாட்ச் போலத் தோன்றும். காகிதத்தில் அந்த அளவுக்கு வட்டம் வெட்டி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

தோல் பட்டை

கை வியர்க்கும் ஊரில் சீக்கிரம் நாறிவிடும். நைலான் போதும், கேஸில் பட்டை மாட்டும் காதுகளுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.