திறந்த மூலப் புலனாய்வில் செய்தியாளர்கள் சறுக்கும் இடங்கள்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று சொல்லிச் சில வீடியோக்கள் வட இந்தியாவில் சுற்றின. செய்தித்தாளிலும் வந்தது. பீகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது, அங்கிருந்து அதிகாரிகள் குழு சென்னைக்கு வந்தது. விசாரித்தால், ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. வீடியோவில் இருந்த சண்டை நிஜம்தான். அதன் மேல் யாரோ ஒட்டிய வரிதான் பொய். அந்த வரியை நம்பிப் பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வீடியோ, செயற்கைக்கோள் படம், கப்பல் தடம், நிறுவனப் பதிவு ஆகியவற்றை வைத்துத் துப்புத் துலக்குவதைத்தான் திறந்த மூலப் புலனாய்வு என்கிறோம், சுருக்கமாக ஓசின்ட். இதில் ஆரம்பக்காரர்கள் செய்யும் முதல் தவறு, படத்தைக் கூகுளில் தேடிவிட்டு, “பழசு எதுவும் வரவில்லை, அப்போது புதுசுதான்” என்று முடிவு கட்டுவது. அந்தத் தேடுபொறியின் கிடங்கில் அந்தப் படம் இல்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். வீடியோவிலிருந்து நாலைந்து காட்சிகளைத் தனித்தனியாக எடுத்து யாண்டெக்ஸ், டின்ஐ (TinEye) என்னும் வேறு படத் தேடல் தளங்களிலும் தேட வேண்டும். அப்புறம், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ஊரின் மொழியில் சொற்களைப் போட்டும் தேட வேண்டும். திருப்பூர்ச் சண்டையை ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் என்ன கிடைக்கும்?

அடுத்தது இடத்தைக் கண்டுபிடிப்பது. இதில்தான் நம் மனம் நம்மையே அதிகம் ஏமாற்றுகிறது. இங்கே மலை, அங்கே மலை, பொருந்துகிறது என்று நின்றுவிடுவோம். இந்த வேலையைச் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது ஆப்பிரிக்க நாடான கேமரூனின் வழக்கை. 2018 ஜூலையில் ஒரு வீடியோ வெளியானது. சீருடையில் இருக்கும் ஆட்கள் இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் நடத்திக் கூட்டிப்போய், கண்ணைக் கட்டிச் சுடுகிறார்கள். கேமரூன் அரசு அதைப் போலிச் செய்தி என்றது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ (Africa Eye) என்ற புலனாய்வுக் குழு, வெளியிலிருந்து உதவிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, பின்னால் தெரிந்த மலைமுகட்டின் கோட்டைக் கூகுள் எர்த்தில் தேடியது. நாட்டின் வடக்குக் கோடியில் செலெவெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது பொருந்தியது. அதோடு விட்டுவிடவில்லை. மரங்கள், வீடுகள், பாதைகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். வீடியோவில் இருந்த ஒரு கட்டடம் எந்தெந்தத் தேதிச் செயற்கைக்கோள் படங்களில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்ததில் 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது. அந்த ஒற்றையடிப் பாதை கோடை மாதங்களில்தான் தென்படுகிறது. கடைசியில் நடந்துபோகும் ஆட்களின் நிழலை அளந்து, சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கணக்கிட்டார்கள். 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் நடுவில் என்று வந்து நின்றது. இதற்கிடையே அரசும் ஏழு வீரர்களைப் பிடித்து வைத்திருப்பதாக அறிவித்தது. 2020இல் நான்கு பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கட்டடம், பாதை, நிழல் மூன்றும் ஒன்றையொன்று நம்பியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று தப்பாக இருந்திருந்தால் மற்றது காட்டிக் கொடுத்திருக்கும். நாம் செய்யும் தவறு, ஒரே வீடியோவைப் பத்துப் பேர் பகிர்ந்திருப்பதைப் பத்துச் சாட்சிகளாக எண்ணுவது.

கருவியை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. 2021 ஜூனில், பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் ஆகிய இரண்டு போர்க்கப்பல்களும் உக்ரைனின் ஒடேசாவிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, ரஷ்யக் கடற்படையின் செவஸ்தபோல் துறைமுகத்துக்கு இரண்டு கடல் மைல் வரை நெருங்கியதாகக் கப்பல் தடம் காட்டும் தளங்களில் பதிவானது. அதே இரவு ஒடேசா துறைமுகத்து நேரலைக் கேமராவில் இரண்டும் கட்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. ஏஐஎஸ் என்னும் அந்தத் தடம், கப்பல் தன்னைப் பற்றித் தானே ஒலிபரப்பும் வானொலிச் சமிக்ஞை. அதைச் சரிபார்க்க யாருமில்லை, போலித் தகவலையும் உள்ளே நுழைக்க முடியும். வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதற்காகக் கப்பல் அங்கே போனதாக எழுதிவிடக் கூடாது. செயற்கைக்கோள் படம், துறைமுகப் பதிவு, கரையில் நின்று எடுத்த புகைப்படம், இவற்றில் ஒன்றாவது சேர வேண்டும்.

முகத்தை வைத்துப் பெயர் சொல்வதில் எனக்குப் பயமே உண்டு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கைப் போலீஸ் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியின் படமும் இருந்தது. போலீஸ் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. முகம் ஒத்துப்போவது ஒரு துப்பு மட்டும்தான். பெயரை அச்சில் ஏற்ற அது போதாது.

பார்த்தவுடன் சேமிக்காமல் விடுவதும் பெரிய இழப்பு. 2017இல் யூடியூப்பின் தானியங்கி வடிகட்டி சிரியப் போர் வீடியோக்களை ஏராளமாக நீக்கியது. முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தவர்களிடம்தான் சான்று மிஞ்சியது. ஸ்கிரீன்ஷாட் போதாது. கோப்பையே இறக்கி, இணைப்பு, நாள், நேரம் குறித்து, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் எழுதி வையுங்கள்.

வெளியிடும் நேரத்தில் பலரும் மறப்பது, படம் எடுத்தவரை. இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தால், கேமரா எந்தத் தெருவில், எந்த மாடியில், எந்த ஜன்னலில் இருந்தது என்பதும் கூடவே தெரிந்துவிடும். நம் கட்டுரையை அந்த ஊரின் ராணுவமும் படிக்கும். சுட்ட இடத்தைக் காட்டுங்கள், மலையைக் காட்டுங்கள், நிழலைக் காட்டுங்கள். அந்த ஜன்னலைக் குறிக்கும் புள்ளியை மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.